கார் பெயின்டில் பறவை எச்சத் தழும்பு: நீக்கும் முறை, நிறுத்த வேண்டிய இடம்

பெங்களூரின் அல்சூர் ஏரிக்கரையில் தூங்குமூஞ்சி மர நிழலைப் பார்த்து ஆசைப்பட்டுக் காரை நிறுத்துகிறவர்கள் பலர். தமிழ்ச் சங்கத்தில் கூட்டம் முடிந்து திரும்புவதற்குள் பானெட்டில் நான்கைந்து வெள்ளைத் திட்டுகள் விழுந்திருக்கும். அந்த நேரத்தில் அவற்றால் பெயின்டுக்குப் பெரிய சேதம் எதுவும் இல்லை. சேதம் அதற்குப் பிறகு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, அதை அப்படியே விட்டு நாலு நாள் வெயிலில் காயவைப்பது. மற்றொன்று, கையில் கிடைத்த துணியால் அங்கேயே அழுத்தித் துடைப்பது. "இதைப் போக்க முடியுமா?" என்று நண்பர்கள் என்னிடம் காட்டும் கார்களில், பறவை உண்டாக்கிய தழும்பைவிடத் துணி உண்டாக்கிய கீறல்தான் அதிகம். இன்னொரு வகையும் உண்டு: தழும்பைப் போக்குகிறேன் என்று தேவைக்கு மேல் தேய்த்துப் பெயின்டையே மெலியவைத்த கார்கள். அவற்றுக்குத்தான் மருந்து இல்லை.

ஆகவே இங்கே சொல்லப்போகும் எல்லாம் ஒரே கணக்கின் மேல் நிற்கிறது. இருக்கும் பெயின்டில் எவ்வளவு குறைவாகச் செலவழித்துத் தழும்பைப் போக்கலாம்? எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும்?

செலவழிக்க இருப்பது எவ்வளவு?

இப்போது ஓடும் பெரும்பாலான கார்களில் பெயின்ட் ஒரே அடுக்கு அல்ல. தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் இவை அனைத்தும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பாதி. பளபளப்பு தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிர் நிறத்தை வெளுக்கவிடாமல் தடுப்பதும் இந்த அடுக்குதான். காம்பவுண்ட், அதாவது பெயின்டைத் தேய்த்து மெருகேற்றும் பசை போட்டு ஒருமுறை தேய்த்தால் ஓரிரு மைக்ரான் போகும். முரட்டுத்தனமாகத் தேய்த்தால் அதற்கு மேலும் போகும். போனது திரும்பி வராது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். காற்று இதமாக இருப்பதால் வெயிலும் இதமாகத்தான் இருக்கும் என்று நினைப்பது தவறு. கூரையும் பானெட்டும் வெளிறிச் செதில் செதிலாக உரியும் பழைய கார்களை இந்த ஊர்த் தெருக்களில் தாராளமாகப் பார்க்கலாம்.

இனி எச்சத்துக்கு வருவோம். பறவைகள் நம்மைப் போலத் தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. உடலின் நைட்ரஜன் கழிவு யூரிக் அமிலமாக, வெள்ளைக் களிம்பாக, மலத்தோடு சேர்ந்தே வெளியேறுகிறது. நடுவில் கறுப்பாகவோ பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிவது தின்ற இரையின் மிச்சம். யூரிக் அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது. அறை வெப்பத்தில் ஒரு லிட்டருக்குச் சுமார் 60 மில்லிகிராம்தான் கரையும். ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றினாலும், ஒரு நல்ல மழை பெய்தாலும், காய்ந்த எச்சம் அசையாமல் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

அமிலம் மட்டுமே குற்றவாளியும் அல்ல. மார்ச் முதல் மே வரையிலான மதிய வெயிலில் கரிய நிற பானெட் 60, 70 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அந்தச் சூட்டில் கிளியர் கோட் இளகி விரிகிறது. அதே நேரத்தில் மேலே இருக்கும் எச்சம் காய்ந்து இறுகுகிறது. மாலையில் காற்று குளிர்ந்ததும் கிளியர் கோட் சுருங்கி, எச்சத்தின் அடிப்பக்க மேடுபள்ளத்தை அப்படியே வாங்கிக்கொண்டு இறுகிவிடுகிறது. எச்சத்தை எடுத்த பிறகும் தெரியும் மங்கல் வட்டம் அழுக்கு அல்ல. அந்த இடத்தில் கிளியர் கோட்டின் பரப்பே உருமாறியிருக்கிறது. எனவே "சோப்புப் போட்டால் போகும்" என்ற நம்பிக்கையில் அதை மீண்டும் மீண்டும் கழுவுவது வீண் வேலை.

கோடை வெயிலில் நிற்கும் காருக்குச் சில மணி நேரமே கெடு. நிழலில் நின்றால் ஓரிரு நாள் தாங்கும். டிசம்பர் காலைப் பனியும் ஏப்ரல் மாதத் தூறலும் காய்ந்த எச்சத்தை மறுபடி ஈரமாக்கி, அமிலத்தை மீண்டும் வேலை செய்யவைக்கும். காய்ந்துவிட்டது, இனி என்ன ஆகிவிடப்போகிறது என்று இருந்துவிடக் கூடாது.

எச்சம் இன்னும் காரின் மேல் இருக்கும்போது

டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டியவை: அரை லிட்டர் ஸ்ப்ரே பாட்டில், சுத்தமான மைக்ரோஃபைபர் துணி இரண்டு, ஒரு கட்டு டிஷ்யூ, மெல்லிய கையுறை, அழுக்கைப் போட்டுக் கட்ட ஒரு பிளாஸ்டிக் பை.

பாட்டிலில் எந்தத் தண்ணீர் என்பது பெங்களூரில் முக்கியமான கேள்வி. ஆழ்குழாய்த் தண்ணீரும் டாங்கர் தண்ணீரும் பல பகுதிகளில் உப்புத் தண்ணீர்தான். அது பானெட்டில் காய்ந்தால் எச்சம் போன இடத்தில் வெள்ளை வளையம் மிஞ்சும். ஆர்.ஓ. இயந்திரத்தின் குடிநீரை நிரப்புங்கள். அந்த இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கார் துடைக்க வைத்திருக்கும் வீடுகள் நிறைய உண்டு. சிக்கனம் பாராட்டத் தக்கதுதான். ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணீரில்தான். தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பிய குடிநீரில் காருக்கான ஷாம்பு நாலைந்து துளி போதும். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம். அது காரின் மேலுள்ள மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும்.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று. 2024 மார்ச்சில் ஏற்பட்ட தட்டுப்பாட்டின்போது பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரால் வாகனம் கழுவுவதைத் தடை செய்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும் பழக்கத்தைத் தடுக்க வந்த உத்தரவு அது. இங்கே சொல்லும் முறைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கூடத் தேவைப்படாது.

வேலையைத் தொடங்கும் முன் பானெட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் காரை நிழலுக்கு நகர்த்தி ஆறவிடுங்கள். சூடான தகட்டில் ஷாம்புத் தண்ணீர் நொடியில் காய்ந்து அதன் பங்குக்கு ஒரு கறையை விட்டுவிடும்.

ஆறியதும் எச்சத்தின் மேலும் அதைச் சுற்றிலும் ஸ்ப்ரே செய்து, இரண்டு மூன்று டிஷ்யூவை மடித்து மேலே பரப்பி, அதையும் நனையுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். காய்ந்து இறுகியதாக இருந்தால் பத்து நிமிடம்; நடுவில் டிஷ்யூ காயப் பார்த்தால் மீண்டும் நனையுங்கள். இந்தக் காத்திருப்புதான் மொத்த வேலையின் உயிர். யூரிக் அமிலத்தைக் கரைப்பது நம் நோக்கம் அல்ல, அது கரையாது. ஊறவைத்துப் பெயின்டின் பிடியிலிருந்து அதை விடுவிக்கிறோம், அவ்வளவுதான்.

பிறகு டிஷ்யூவை இரு பக்கமும் பிடித்து, எச்சத்தோடு சேர்த்துக் கிள்ளி மேலே தூக்குங்கள். தேய்க்கக் கூடாது, பக்கவாட்டில் இழுக்கவும் கூடாது. தானியம் தின்னும் புறா இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களையும் விழுங்கும். அரசும் ஆலும் அத்தியும் பழுக்கும் நாட்களில் குயிலும் மைனாவும் குக்குறுவானும் போடும் எச்சத்தில் விதைகள் நிறைந்திருக்கும். இவற்றைத் துணிக்கு அடியில் வைத்து இழுத்தால் கீறல் நிச்சயம். முதல் முறையில் முழுவதும் வராவிட்டால் புது டிஷ்யூவோடு இன்னொரு தடவை ஊறவையுங்கள். நகத்தாலோ, வங்கி அட்டையின் விளிம்பாலோ சுரண்டும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். எல்லாம் வந்த பிறகு அந்த இடத்தில் இன்னொரு முறை ஸ்ப்ரே செய்து, மைக்ரோஃபைபர் துணியை எடையே இல்லாமல் ஒரே திசையில் ஒருமுறை இழுத்து, துணியை மடித்துப் புதுப் பக்கத்தால் ஒற்றி எடுங்கள்.

காய்ந்த புறா எச்சத்தை உலர்ந்த நிலையில் தட்டி உதிர்க்கவே கூடாது. அந்தத் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரல் நோய்கள் வரலாம். பால்கனியைச் சுத்தம் செய்யும்போதும் இதே விதிதான்: முதலில் நனைத்தல், பிறகு எடுத்தல். ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது.

அடுக்குமாடி வாசிகளுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதிகாலையில் கார் துடைக்க வருகிறவர் ஒரு வாளி, ஒரு துணியோடு வரிசையாக எத்தனையோ கார்களை முடித்தாக வேண்டும். ஒவ்வொரு எச்சத்தின் முன்னாலும் பத்து நிமிடம் காத்திருக்க அவருக்கு நேரம் எங்கே? துணியை அழுத்தி ஒரே இழுப்பில் எடுத்துவிட்டு அடுத்த காருக்குப் போவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதம் நாம் கொடுக்கும் சில நூறு ரூபாய்க்கு அதுதான் கிடைக்கும். "அண்ணா, எச்சம் இருந்தால் அந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டுவிடுங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, உங்கள் காருக்கென்று தனித் துணி ஒன்றும் கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு ஏற்பாடு, கடைகளில் விற்கும் எந்த விலையுயர்ந்த பூச்சையும்விட உங்கள் பெயின்டுக்கு அதிக நன்மை செய்யும்.

தழும்பின் ஆழத்தைப் படிப்பது

எச்சம் போய்விட்டது, ஒரு வட்டம் மட்டும் தெரிகிறது. இப்போது அது எந்த நிலை என்று தெரியாமல் எந்தக் குப்பியையும் திறக்கக் கூடாது. செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி பாருங்கள்.

கறுப்பு வெள்ளை என்றில்லாமல் ஊதாவாகவோ மஞ்சளாகவோ நிறம் மட்டும் படிந்து, பரப்பு பளபளப்பாகவே இருந்தால் அது கறை. நாவல் பழக் காலத்தில் இது சகஜம். நன்றாகக் கழுவினாலோ, மெல்லிய பாலிஷ் ஒருமுறை போட்டாலோ போய்விடும். வெயில் படப் படத் தானே மங்குவதும் உண்டு.

வட்டத்துக்குள் பளபளப்பு செத்து, ஆனால் நகத்தை லேசாக ஓட்டினால் எதுவும் தட்டுப்படவில்லை என்றால், அரிப்பு கிளியர் கோட்டின் மேற்பரப்போடு நிற்கிறது. தண்ணீரால் நனைத்துப் பார்த்தால் தழும்பு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வரும். கையால் சரிசெய்யக் கூடியது இந்த நிலைதான்.

நகம் தட்டுகிறது, விளிம்பு சுருங்கி எழும்பியிருக்கிறது, நனைத்தாலும் மறையவில்லை என்றால் ஆழம் அதிகம். முழுதாகப் போகாது, மங்கவைக்கலாம். வட்டத்துக்குள் வலைபோல வெடிப்பு தெரிந்தாலோ, கிளியர் கோட் உரிந்து நிறம் வெளுத்திருந்தாலோ, எந்தப் பாலிஷும் உதவாது. அதைத் தேய்ப்பது உரிதலை விரைவுபடுத்துவதுதான்.

பெங்களூரு அடுக்ககங்களில் பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. அடித்தள வாகன நிறுத்தத்தில் காரின் மேல் விழும் வெள்ளைச் சொட்டு எல்லாம் புறாவின் வேலை அல்ல. மேல்தளத்திலிருந்து கசியும் மழைத் தண்ணீர் கான்கிரீட்டில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு சொட்டும். பெயின்டில் காய்ந்து கல்லாகிவிடும். நடுவில் கரும்பொட்டு இருக்காது, சொட்டுகள் கூரையின் வெடிப்புக்கு நேர் கீழே ஒரே வரிசையில் இருக்கும். அண்ணாந்து பார்த்தால் வெடிப்பில் வெள்ளைக் குச்சிகள் தொங்குவதும் தெரியலாம். இதற்கு வைத்தியம் வேறு. வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, துணியை நனைத்து, ஓரிரு நிமிடம் அந்த இடத்தில் ஒட்டிவைத்து எடுங்கள்; சுண்ணாம்பு என்றால் நுண்ணிய குமிழ்கள் வரும். உடனே தண்ணீரால் கழுவி, தேவைப்பட்டால் மறுபடி செய்யுங்கள். ஊறவைத்த பறவை எச்சத்துக்கு வினிகர் தேவையே இல்லை. ஏற்கெனவே அமிலம் பட்ட இடத்தில் இன்னொரு அமிலத்தை ஊற்றுவதில் என்ன லாபம்?

மற்ற வீட்டு வைத்தியங்களையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். பற்பசை உண்மையில் தேய்க்கும், அதனால் சில சமயம் பலன் தெரியும். ஆனால் அதன் துகள் அளவு பெயின்டுக்காகத் தயாரிக்கப்பட்டது அல்ல, மெல்லிய கீறல்களை விட்டுவிடும். தேங்காய் எண்ணெய் தழும்பை நிரப்பி மறைக்கும், அடுத்த கழுவலில் தழும்பு திரும்பும், நடுவில் ஊர்த் தூசியெல்லாம் ஒட்டியிருக்கும். பெட்ரோல், தின்னர் பக்கம் போகவே வேண்டாம்.

கையால் பாலிஷ் போடுதல்

முதலில் சூடு. வினோதமாகத் தோன்றும், ஆனால் செலவில்லாதது, பெயின்டையும் குறைக்காதது. சூட்டில் உருமாறிய கிளியர் கோட், எச்சம் இல்லாத நிலையில் மறுபடி சூடாகி மெல்ல ஆறும்போது சில சமயம் ஓரளவு பழைய சமநிலைக்குத் திரும்பும். சுத்தம் செய்த இடத்தில் தலைமுடி உலர்த்தும் டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே சில நிமிடம் காட்டுங்கள். அந்த இடத்தைக் கையால் தொட்டு எடுக்கும் அளவுக்கு மேல் சூடேற்றக் கூடாது. பிளாஸ்டிக் பம்பரில் இன்னும் எச்சரிக்கை தேவை. தானே ஆறவிட்டுப் பாருங்கள். புதுத் தழும்புகள், முக்கியமாக விளிம்பு எழும்பியவை, பாதிக்குப் பாதி மங்கிவிடுவதும் உண்டு. ஒன்றுமே நடக்காமல் போவதும் உண்டு.

மீதி தழும்புக்குத்தான் பாலிஷ். மேட் ஃபினிஷ், அதாவது பளபளப்பில்லாத பெயின்ட் உள்ள காரானால் இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். பாலிஷ் பட்ட இடம் மட்டும் மின்னி, தழும்பைவிட அசிங்கமாக நிற்கும்.

காரைக் கழுவி, நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். காலை ஏழு மணிக்கு முன் நல்ல நேரம். தழும்புக்கு அருகில் கதவு விளிம்போ, பானெட்டின் மடிப்புக் கோடோ இருந்தால் அதன் மேல் மாஸ்க்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயின்ட் எப்போதும் மெல்லியது. எதிர்பாராமல் அடுக்கு தீர்ந்துபோவது அங்கேதான்.

ஜே.சி. ரோட்டின் கார் உதிரிபாகக் கடைகளில் 'ரப்பிங் காம்பவுண்ட்' என்று கேட்டால் முதலில் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் மிகக் கரடானது. பெயின்ட் அடித்த புதுப் பரப்பைச் சமன்செய்யப் பட்டறைகள் வாங்குவது அது. உங்களுக்கு வேண்டியது இரண்டு: மிக மெல்லிய ஃபினிஷிங் பாலிஷ் ஒன்று, நடுத்தரக் காம்பவுண்ட் ஒன்று. கூடவே பஞ்சு போன்ற ஃபோம் அப்ளிகேட்டர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக.

மெல்லியதில் தொடங்க வேண்டும். அப்ளிகேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்து, பட்டாணி அளவு பாலிஷ் எடுத்து, தழும்பும் அதைச் சுற்றி ஒரு சாண் இடமும் சேர்த்துத் தடவுங்கள். பிறகு மிதமான அழுத்தத்தில் மேலும் கீழுமாக முப்பது நாற்பது தடவை, அதன் பின் இட வலமாக அதே அளவு. வட்டமாகத் தேய்ப்பது பழக்கத்தில் வரும். கோடுகளாகவே தேய்த்தால் ஏதாவது கீறல் விழுந்தாலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒரு விரல் முனையால் தழும்பை மட்டும் குறிபார்த்து அழுத்துவது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. அங்கே ஒரு குழி உண்டாகும், வெளிச்சத்தில் அந்தக் குழி தழும்பைவிட நன்றாகத் தெரியும்.

பாலிஷ் மெல்லிய படலமாக மாறியதும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு, உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். பாலிஷில் இருக்கும் எண்ணெய் தழும்பை நிரப்பி, போய்விட்டது போலக் காட்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் அதே அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து அந்த இடத்தைத் துடையுங்கள். எண்ணெய் போன பிறகு தெரிவதுதான் உண்மை நிலவரம்.

இன்னும் தெரிந்தால் இன்னொரு சுற்று. அதற்கும் அசையவில்லை என்றால் நடுத்தரக் காம்பவுண்டில் இரண்டு சுற்று வரை போகலாம். கடைசியில் மறுபடி மெல்லிய பாலிஷ் போட்டுப் பளபளப்பை மீட்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அப்ளிகேட்டரைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் காரில் சிவப்பும் நீலக் காரில் நீலமும் ஏறியிருந்தால் உடனே நிறுத்துங்கள். கிளியர் கோட் தீர்ந்திருக்கிறது, அல்லது அது கிளியர் கோட்டே இல்லாத பழைய ஒற்றை அடுக்குப் பெயின்ட். இரண்டாவது என்றால் நிறம் வருவது இயல்பு, ஆனால் அங்கேயும் அளவோடுதான்.

எப்போது போதும்? நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தெரியவில்லை, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் தேடினால் மட்டும் நிழல்போலத் தெரிகிறது என்றால் அங்கே முடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடைசி நிழலைப் போக்கத்தான் அதிகபட்ச கிளியர் கோட் செலவாகும். மழைத் தண்ணீர் வழியும், தூசி படியும், ஒயிட்ஃபீல்டிலிருந்து சில்க் போர்டு வரை ஊர்ந்து வரும் ஒரு காரின் பானெட்டில் அதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

இயந்திரமும் வாட்டர் பேப்பரும்

தழும்புகள் பல இருந்தால் கை வலிக்கும், டி.ஏ. பாலிஷர் என்னும், சுற்றிக்கொண்டே ஆடும் இயந்திரம் அப்போது உதவும். புதியவர் கையிலும் பெரிய ஆபத்து விளைவிக்காதது அது. ஒரே இடத்தில் சுழலும் ரோட்டரி இயந்திரம் வேறு; நொடியில் சூடேற்றிப் பெயின்டைச் சுட்டுவிடும், பழக்கமில்லாதவர் கையில் வெயிலில் மின்னும் சுழல் கோடுகளை விடும். கடையில் கொடுக்கிறீர்கள் என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த இயந்திரம்? தேய்க்கும் முன் பெயின்டின் தடிமனை அளப்பீர்களா? தகட்டின் மேல் வைத்தால் மைக்ரானில் காட்டும் கையடக்க மீட்டர் எந்த நல்ல கடையிலும் இருக்கும். 80, 90க்குக் கீழே காட்டினால் பாலிஷ் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். 200க்கு மேலே காட்டினால் அந்தப் பகுதி பெரும்பாலும் ஏற்கெனவே ஒருமுறை மறுபெயின்ட் ஆகியிருக்கிறது. பழைய கார் வாங்கியவர்கள் இந்தச் செய்தியைப் பல சமயம் இப்படித்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

நகம் தட்டும் தழும்புக்கு 3000 எண் வாட்டர் பேப்பரால், அதாவது நனைத்துத் தேய்க்கும் மிக நுண்ணிய உப்புத்தாளால், ஈரத்தேய்ப்பு என்று ஒரு வழி உண்டு. தாளைப் பத்து நிமிடம் ஊறவைத்து, மென்மையான கட்டையில் சுற்றி, தண்ணீர் ஓடவிட்டு, தழும்பின் மேல் மட்டும் அழுத்தமே இல்லாமல் சில இழுப்பு. வழியும் நீர் பால்போல் வெளுத்திருந்தால் அது கிளியர் கோட். நிறம் கலந்து வந்தால் எல்லை தாண்டியாயிற்று. வெள்ளைக் காரில் இந்த எச்சரிக்கை மணி ஒலிக்காது என்பதைக் கவனியுங்கள், கிளியர் கோட்டும் பெயின்டும் ஒரே வெள்ளையாகத்தான் வழியும். வெள்ளைக் கார் வைத்திருப்பவர்கள் இந்த வேலையை வீட்டில் செய்யவே கூடாது என்பது என் கருத்து. மற்றவர்களும் முதலில் ஏதாவது பழைய கதவிலோ பட்டறையில் கிடக்கும் பானெட்டிலோ பழகிய பிறகு தொடலாம்.

மேலே எதைப் பூசுவது

தேய்த்த இடம் வெறுமையாக இருக்கிறது. ஏதாவது பூசியாக வேண்டும். மெழுகு சில வாரம் நிற்கும், செயற்கை சீலன்ட் சில மாதம். செராமிக் கோட்டிங் ஆண்டுக்கணக்கில் நிற்கும், எச்சம் எளிதாகக் கழன்றுவரும். ஆனால் அதன் தடிமன் ஓரிரு மைக்ரான்தான், வெயிலில் விட்ட எச்சம் அதையும் தாண்டி அரிக்கும். விற்கும்போது இந்தப் பகுதியைக் கொஞ்சம் மெதுவான குரலில்தான் சொல்வார்கள். உண்மையில் தாங்குவது பி.பி.எஃப். எனப்படும் ஒட்டுப்படலம், 150, 200 மைக்ரான் தடிமன், அரிப்பைத் தானே வாங்கிக்கொள்ளும். விலையைக் கேட்டுவிட்டு பானெட்டுக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளலாமா என்று யோசிப்பது புத்திசாலித்தனம்.

கவர் போடுகிறவர்கள் தூசி படிந்த காரின் மேல் போட்டு இழுக்காதீர்கள். நிறுத்தும் இடத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: மேலே மட்டும் பார்த்துப் பயனில்லை, தரையைப் பாருங்கள். மின்கம்பிக்கும் குழாய்க்கும் கிளைக்கும் கீழே தரையில் வெள்ளைப் புள்ளிகள் கூடியிருக்கும் இடம் பறவைகள் தினமும் திரும்பி வரும் இடம்.

பெயின்ட் அடிக்க வேண்டிய நிலை வந்தால்

வெடித்த, உரிந்த தழும்புக்கு வேறு வழி இல்லை. கடுகளவு என்றால் டச்-அப் பேனாவால் பல்குச்சி முனையில் தொட்டு நிரப்பி, வெயிலும் மழையும் உள்ளே இறங்காமல் அடைக்கலாம். பெரிதானால் அந்தப் பகுதி முழுவதும் பெயின்ட். எச்சத்தால் வந்த சேதத்தைப் பொதுவாகக் கார் நிறுவனங்களின் பெயின்ட் உத்தரவாதம் ஏற்பதில்லை. காப்பீட்டில் கோரலாமா என்று கேட்பவர்கள் முதலில் நோ கிளெய்ம் போனஸைக் கணக்கிடட்டும். காப்பீட்டில் எதுவும் கோராத ஆண்டுகளுக்காக, முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் வரை ஏறும் தள்ளுபடி அது, ஒரு பானெட்டுக்காகக் கோரினால் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். பெரும்பாலான கணக்கில் கைக்காசு கொடுத்து அடிப்பதே மலிவாக முடிகிறது.

பட்டறைக்குப் போகும்போது எஞ்சின் பகுதியிலோ ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ இருக்கும் தகட்டிலிருந்து பெயின்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். மெட்டாலிக் நிறம் என்றால் பக்கத்துப் பகுதியிலும் லேசாகக் கலந்து அடித்தால்தான் வித்தியாசம் தெரியாது. "பானெட் மட்டும் போதும்" என்று பேரம் பேசினால் பானெட் மட்டும் தனியாகத் தெரியும்.

புதுப் பெயின்ட் தொட்டால் காய்ந்ததாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே முழுதாக இறுக ஒரு மாதம் பிடிக்கலாம். அந்த ஒரு மாதம் மெழுகும் வேண்டாம், செராமிக்கும் வேண்டாம், கவரும் வேண்டாம். உள்ளிருக்கும் கரைப்பான் ஆவியாக வழி வேண்டும். பழைய பெயின்ட் ஒரு நாள் தாங்கிய எச்சத்தை இந்தப் புதுப் பெயின்ட் ஒரு மதியம் கூடத் தாங்காது. அதனால் அந்த மாதம் மட்டுமாவது மரத்தடியை விட்டுவிட்டு, காலையும் மாலையும் காரை ஒருமுறை சுற்றி வந்து, ஸ்ப்ரே பாட்டிலையும் டிஷ்யூவையும் டிக்கியிலிருந்து எடுத்து முன்சீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.